பணியில் இருக்கும் பள்ளி வாகன ஓட்டுநர்களின் பயிற்சிக்கு அரசு நிதி பெற வழி உண்டா?

கேள்வி – பள்ளி வாகனப் பொறுப்பாளர், ஈரோடு மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். ஈரோடு மாவட்டத்தில், ஊரைவிட்டுத் தள்ளி இருக்கும் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் வாகனப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். எங்கள் பேருந்துகளும் வேன்களும் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் கூட்டாய்வுக்குப் போய், போக்குவரத்து, வருவாய், காவல், கல்வித் துறை அலுவலர்கள் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே ஜூனில் சாலைக்கு வருகின்றன. வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்த பிறகு தமிழக அரசு கொண்டுவந்த சிறப்பு விதிகள் அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி என்று ஒவ்வொன்றையும் சொல்கின்றன. 2022-ல் முன்னும் பின்னும் கேமராவும், ரிவர்ஸ் எடுக்கும்போது எச்சரிக்கும் சென்சாரும் அவற்றோடு சேர்ந்தன. இவற்றுக்கெல்லாம் நிர்வாகம் மறுபேச்சில்லாமல் பணம் ஒதுக்குகிறது, ஒதுக்காவிட்டால் வண்டிக்கான எஃப்.சி. (தகுதிச் சான்று) கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஓட்டுநருக்குப் பயிற்சி என்று கேட்டால்தான் கை சுருங்குகிறது. ஒரு சிறு நிகழ்வைச் சொல்கிறேன். கேமரா பொருத்திய வண்டியைப் பள்ளி வளாகத்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும் ஓட்டுநர், எதிரே ஒளிரும் திரையைப் பார்ப்பதே இல்லை. உதவியாளர் அம்மா வண்டியின் பக்கத்தகட்டில் தட்டுகிற ஓசையை வைத்தே பின்னால் வருகிறார். அந்த அம்மா அப்போது வேறொரு குழந்தையின் பையை எடுத்துக் கொடுக்கக் குனிந்திருந்தால் தட்டுவதற்கு ஆள் இல்லை. கேமரா வாங்கியதற்கு எங்களிடம் ரசீது இருக்கிறது. அதைப் பார்த்து ஓட்ட அவரைப் பழக்கியவர் யாரும் இல்லை.

ஒரு தனியார் பயிற்சி மையத்தில் விசாரித்தபோது அவர்கள் சொன்ன கட்டணத்தை எங்கள் நிர்வாகம் ஏற்கவில்லை. "அரசு எத்தனையோ இலவசப் பயிற்சி நடத்துகிறதே, அதில் சேர்த்துவிடுங்கள்" என்றார்கள். நான் கேட்டுப் பார்த்த இடத்தில், அது புதிதாக உரிமம் எடுப்பவர்களுக்கானது, ஏற்கெனவே பேட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு அதில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பணியில் இருக்கும் ஓட்டுநருக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுப்பதற்கு, மத்திய அரசிடமோ மாநில அரசிடமோ நிதி கேட்க ஏதாவது வழி இருக்கிறதா? அறிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி – ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர்

வணக்கம் ஐயா. உங்களைத் திருப்பி அனுப்பியவர் சொன்னது சரிதான். தனியார் பள்ளி ஒன்று, தன் ஓட்டுநர்களின் பயிற்சிக்கென்று நேராக விண்ணப்பித்துப் பணம் பெறக்கூடிய திட்டம் எதையும் என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை. ஆனால் ஓட்டுநர் பயிற்சிக்கு அரசு பணமே ஒதுக்குவதில்லை என்று எண்ணிவிட வேண்டாம். ஒதுக்குகிறது, அது போய்ச் சேரும் இடம்தான் வேறு.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஓட்டுநர் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்களை அமைக்க, ஒன்றுக்கு 17 கோடி ரூபாய் அளவிலும், மண்டலப் பயிற்சி மையங்களுக்கு 5 கோடியை ஒட்டியும் மானியம் தருகிறது. இந்தப் பணம் கட்டடமாகவும் ஓடுதளமாகவும் சிமுலேட்டராகவும் மாறுகிறது. 2021 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கான விதிகளின்படி, கனரக வாகனப் பயிற்சி 6 வாரங்களில் 38 மணி நேரம் நடக்க வேண்டும். அங்கே தேறியவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அது உரிமம் எடுக்கப் போகிறவருக்கு உரியது. மாநிலத்திலும் இதே நிலைதான். திறன் மேம்பாட்டுக் கழகத்தின் நிதியில் நடக்கும் ஓட்டுநர் பயிற்சிகள் வேலை தேடும் இளைஞர்களை நோக்கியவை. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் கனரக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் பெருமளவில் வருபவர்களும் புதியவர்களே.

பணியில் இருப்பவர்களுக்கென்று ஒரு திட்டம் முன்பு இருந்தது. அமைப்புசாராத் துறையில் கனரக வாகனம் ஓட்டுபவர்களுக்கு இரண்டு நாள் புத்தாக்கப் பயிற்சி கொடுக்க, மத்திய அமைச்சகமே பயிற்சி நிறுவனங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் நிதி கொடுத்தது. அது பெரும்பாலும் லாரி ஓட்டுநர்களைச் சென்றடைந்தது என்றாலும், நீங்கள் கேட்கும் பயிற்சியின் அச்சு அதில் இருக்கிறது. ஆகவே பணியில் இருப்பவருக்கு அரசு பணம் செலவழிக்க முன்மாதிரி இல்லை என்று எவரும் உங்களிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

என் மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒரு குறையை இங்கே சொல்லியாக வேண்டும். பெட்ரோல், அமிலம், எரிவாயு போன்ற அபாயகரமான பொருள்களை ஏற்றிச் செல்லும் டேங்கர் ஓட்டுநர், மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9-ஆம் விதிப்படி மூன்று நாள் தனிப்பயிற்சி பெற்று, அதை உரிமத்தில் பதிந்துகொண்டால்தான் அந்த வண்டியைத் தொடலாம். 2019-ல் திருத்தப்பட்ட சட்டப்படி அந்த உரிமம் மூன்றாண்டுக்குத்தான் செல்லும். புதுப்பிக்க வரும்போது ஒரு நாள் புத்தாக்கப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். நாற்பது குழந்தைகளை ஏற்றிச் செல்பவரின் உரிமத்துக்கு அப்படி எந்தப் பயிற்சியையும் மத்திய விதிகள் நிபந்தனையாக வைக்கவில்லை. 1997 நவம்பரில் டெல்லி வசீராபாத் பாலத்திலிருந்து பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து 28 மாணவர்கள் இறந்ததைத் தொடர்ந்து, உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் ஓட்டுநரின் தகுதியை வரையறுத்தது. கனரக வாகனத்தில் ஐந்தாண்டு அனுபவமும், போக்குவரத்துக் குற்றப் பின்னணி இல்லாமையும் அதில் உண்டு. அனுபவத்தைக் கேட்டார்களே தவிர, குழந்தைகளை ஏற்றி இறக்கும் வேலைக்கென்று தனிப்பயிற்சி அப்போதும் நிபந்தனையாகவில்லை. ஐந்தாண்டு மணல் லாரி ஓட்டியவரும் இந்தத் தகுதியோடுதான் வருகிறார். புத்தாக்கப் பயிற்சி என்ற சொல் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் வருகிறது. உரிமம் முடக்கப்பட்டவர் அதைத் திரும்பப் பெறுவதற்கு முன் போக வேண்டிய இடமாக. தவறு செய்த பிறகு தண்டனைபோல வரும் பயிற்சியை, தவறு நேரும் முன் கொடுக்கத்தான் நிதி இல்லை.

இனி, நீங்கள் செய்யக்கூடியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 215-ஆம் பிரிவின்கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது; மாவட்ட ஆட்சியர் அதன் தலைவர். போக்குவரத்து விதிமீறலை நீதிமன்றம் போகாமல் முடிக்கச் செலுத்தும் இணக்கக் கட்டணமாக வசூலாகும் தொகையை அடிப்படையாகக் கொண்டு மாநில அரசின் சாலைப் பாதுகாப்பு நிதி இயங்குகிறது. அதிலிருந்து துறைகளுக்குத்தான் பணம் போகும், தனியார் பள்ளிக்குப் போகாது. ஆகவே "எங்கள் பள்ளிக்கு நிதி தருக" என்று கேட்டால் மனு அங்கேயே நின்றுவிடும். மாவட்டத்தின் எல்லாப் பள்ளி வாகன ஓட்டுநர்களுக்கும் போக்குவரத்துத் துறை பயிற்சி நடத்த வேண்டும், அதற்கு முன்மொழிவு அனுப்ப வேண்டும் என்று சில பள்ளிகள் சேர்ந்து கேட்டால், குழு அதைப் பொருளாக எடுத்துப் பேசியே ஆக வேண்டியிருக்கும்.

தொகை எவ்வளவு ஆகும் என்பதையும் மனுவில் எழுதுங்கள். ஒரு மாவட்டத்தில் ஆயிரம் ஓட்டுநர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 800 ரூபாய் தினப்படி என்றால் இரண்டு நாளுக்கு 16 லட்சம் ஆகிறது. பயிற்றுநர் ஊதியம், உணவு, டீசல் எல்லாம் சேர்த்து 25 லட்சம் என்றே கணக்கிட்டாலும், ஒரு மண்டல மையம் கட்டும் 5 கோடியில் இருபது மாவட்டங்களின் ஓட்டுநர்களைப் பயிற்றிவிடலாம். கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டிய தளத்தில் வந்து பயில்வதற்கு ஓட்டுநருக்கு ஒரு நாள் கூலி வேண்டும் என்கிறேன்.

அரசு நிதி தாமதமானால் இன்னொரு வழியும் உண்டு. நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவில் ஓட்டுநர் பயிற்சியும் அடங்கும் என்று கம்பெனிகள் விவகார அமைச்சகம் 2014 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கை தெளிவுபடுத்தியிருக்கிறது. பெருந்துறை சிப்காட் உங்கள் மாவட்டத்திலேயே இருப்பதால் இதையும் மனத்தில் வையுங்கள்.

மறுமொழி – பள்ளிப் பேருந்து ஓட்டுநர், நாமக்கல் மாவட்டம்

ஆய்வாளர் ஐயா கூலியைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. பயிற்சி என்று பேசும் பலர் அதை நினைப்பதே இல்லை.

காலை டிரிப் முடிந்து வண்டியைப் பள்ளியில் நிறுத்தியதும் எங்களில் பலர் சும்மா இருப்பதில்லை. பள்ளிச் சம்பளத்தில் மட்டும் குடும்பம் ஓடாது என்பதால், மாலை டிரிப் வரைக்கும் நான் ஒருவரின் குட்டியானையில் சரக்கு இறக்கப் போகிறேன். பயிற்சியைப் பள்ளி நாள்களின் நடுப்பகலில் வைத்தால் அந்த வருமானம் போகிறது. முழு நாளாக வைத்தால் பள்ளி ஓர் ஆக்டிங் டிரைவரைப் போட வேண்டும். அவருக்கு ஸ்டாப்பும் தெரியாது, எந்தக் குழந்தை எந்த வீட்டுக்குப் போகும் என்பதும் தெரியாது. ஒருவருக்குப் பயிற்சி கொடுப்பதற்காக ஒரு வண்டிக் குழந்தைகளை அறியாதவர் கையில் ஒப்படைப்பதை நான் விரும்ப மாட்டேன். மே மாதத்தில் வைக்கலாம் என்றால், எங்கள் பள்ளியில் அந்த மாதம் பாதிச் சம்பளம்தான். கூட்டாய்வு நாளில் ஆயுதப்படை மைதானத்தில் வெயிலில் வரிசையில் நிற்கிறோம். தீயணைப்பு வீரர்கள் சிலிண்டரைத் திறந்து காட்டுகிறார்கள், 108 ஊழியர்கள் முதலுதவி சொல்கிறார்கள், கண் பரிசோதனை நடக்கிறது. அவர்கள் அக்கறையோடுதான் செய்கிறார்கள். ஆனால் நூற்றுக்கணக்கானோர் நிற்கும் கூட்டத்தில் பின்வரிசையில் இருப்பவர் தீயணைப்பானைக் கையில் தொட்டுப் பார்க்காமலே வீடு திரும்புகிறார்.

இன்னொன்றையும் பணிவோடு சொல்கிறேன். எங்களுக்குக் கிளட்ச், கியர் பற்றி வகுப்பு எடுக்க வேண்டாம். நான் இந்த வேலைக்கு வந்தபோது மூத்த ஓட்டுநர் ஒருவர் சொல்லிக் கொடுத்தவை எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. இறங்கிய குழந்தை சாலையைக் கடக்க வேண்டுமென்றால், அது வண்டிக்கு முன்னால் போய் எதிர்ப்பக்கம் மண்ணில் கால் வைப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே ஃபர்ஸ்ட் கியர் போட வேண்டும் என்றார். கதவை மூடும்போது பையின் பட்டை வெளியே தொங்குகிறதா என்று உதவியாளர் கையால் தடவிப் பார்க்க வேண்டும், எல்.கே.ஜி. குழந்தை பம்பருக்குக் கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்தால் இருக்கையிலிருந்து அதன் தலை தெரியாது. கடைசி ஸ்டாப் முடிந்ததும் பின்சீட்டு வரை நடந்துபோய், தூங்கிக் கிடக்கும் குழந்தை உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். இவற்றைக் கற்றுக் கொடுக்க ஆள் வேண்டும். வண்டிக்குள் சண்டை போடும் பிள்ளைகளை, திரும்பிப் பார்க்காமல், குரலை உயர்த்தாமல் அடக்குவது எப்படி என்றும் யாராவது சொல்லித் தந்தால் நானே முதல் ஆளாக வருவேன்.

மறுமொழி – அமெரிக்காவில் வசிக்கும் தமிழர்

இங்குள்ள நடைமுறையில் ஒரு பகுதி உங்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன். 2022 பிப்ரவரி 7 முதல், பள்ளிப் பேருந்து ஓட்ட விரும்புபவர் வணிக வாகன உரிமத்தில் அதற்கான தனிப் பதிவைப் பெறும் முன், பதிவு பெற்ற பயிற்சியாளரிடம் பாடமும் ஓட்டும் பயிற்சியும் முடித்தாக வேண்டும் என்பது மத்திய விதி. இத்தனை மணி நேரம் என்ற கணக்கு அதில் இல்லை. ஒவ்வொரு திறனையும் அவர் அடைந்துவிட்டார் என்று பயிற்சியாளர் சான்று தர வேண்டும். பேருந்தைச் சுற்றியுள்ள அபாயப் பகுதி, குழந்தைகளை ஏற்றி இறக்குதல், அவசரக் காலத்தில் வெளியேற்றுதல், பயணம் முடிந்ததும் வண்டிக்குள் தேடிப் பார்த்தல் ஆகியவை அந்தப் பாடத்தில் வருகின்றன. நாமக்கல் நண்பருக்கு அவருடைய மூத்தவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே பாடமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர் பற்றாக்குறை கடுமையாக இருப்பதால், பல கல்வி மாவட்டங்கள் பயிற்சி நேரத்துக்கே மணிக்கூலி கொடுத்து ஆள் சேர்க்கின்றன.

ரயில்வே கடவைப் பாடம் தனி. பயணிகள் இருக்கும் பேருந்து, தண்டவாளத்துக்கு 15 அடிக்குக் குறையாமலும் 50 அடிக்கு மிகாமலும் நின்று, இருபுறமும் பார்த்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டே கடக்க வேண்டும். 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்த செய்தியைப் படித்தபோது இந்த விதிதான் நினைவுக்கு வந்தது. அங்கே யார் கடமை தவறினார்கள் என்பது விசாரணைக்கு உரியது. ஆனால் கேட் திறந்திருந்தாலும் நின்று பார்க்கும் பழக்கத்தை ஓட்டுநருக்குப் பயிற்சியால் ஊட்ட முடியும்.

மறுமொழி – பெற்றோர், திருப்பூர்

நிதி பற்றிப் பேசும்போது ஒன்றை மறந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்குப் போகும் குழந்தைகளில் பெரும்பாலோர் பள்ளிப் பேருந்தில் போவதில்லை. பனியன் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகும் பெற்றோர்கள் சேர்ந்து மாத வாடகை பேசி அமர்த்திய வேனிலும் ஆட்டோவிலும்தான் போகிறார்கள். அந்த ஓட்டுநர் எந்தப் பள்ளியின் ஊழியரும் இல்லை. மே மாத மைதானத்துக்கு அவர் வருவதும் இல்லை. பயிற்சிக்கான பணத்தைப் பள்ளிகளின் பட்டியலை வைத்து ஒதுக்கினால், எவருடைய கண்காணிப்பும் இல்லாத இவர்கள் முழுவதுமாக விடுபட்டுப் போவார்கள். பெற்றோராகிய நாங்களும் வாடகையைத்தான் பேசினோம், ஓட்டுநருக்கு என்ன தெரியும் என்று கேட்கவில்லை. ஆட்டோ, வேன் ஸ்டாண்டு சங்கங்கள் வழியாக இவர்களையும் சேர்க்க ஏதாவது இடம் வேண்டும்.

மறுமொழி – பள்ளி வாகனப் பொறுப்பாளர், ஈரோடு மாவட்டம்

எதிர்பார்த்ததைவிட மிகுதியாகச் சொல்லியிருக்கிறீர்கள். அருகில் உள்ள பள்ளிகளின் வாகனப் பொறுப்பாளர்களிடம் இன்று பேசினேன். சிலர் கையெழுத்திட இசைந்திருக்கிறார்கள். மனுவை எல்லா ஓட்டுநர்களுக்குமாகக் கேட்கும் விதத்தில் மாற்றி எழுதுகிறேன், வாடகை வேன் ஓட்டுநர்களையும் சேர்க்கிறேன். ஆய்வாளர் ஐயாவிடம் இரண்டு ஐயங்கள். பயிற்சியை எந்த மாதத்தில் கேட்பது, உதவியாளர்களுக்கும் சேர்த்துக் கேட்டால் தொகை பெரிதாகி மனுவே தள்ளுபடி ஆகிவிடுமா?

மறுமொழி – ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர்

உதவியாளர்களைக் கட்டாயம் சேருங்கள். ஆளில்லாக் கடவையில் வண்டியை நிறுத்தி, உதவியாளர் இறங்கி நடந்துபோய் ரயில் வரவில்லை என்று பார்க்க வேண்டும், உடன் எவரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்க வேண்டும் என்று சட்டத்தின் 131-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டமே கடமை கொடுத்திருக்கும் ஒருவருக்குப் பயிற்சி கேட்பதைக் கூடுதல் செலவு என்று குழுவில் யாரும் சொல்ல முடியாது. நீங்கள் சொன்ன ரிவர்ஸ் கேமராப் பிரச்சினையும் இருவரையும் ஒன்றாக நிறுத்திப் பழக்கினால்தான் தீரும்.

காலம் பற்றி: நாமக்கல் ஓட்டுநர் சொன்னதை வைத்துப் பார்த்தால், ஜூனில் பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் பொருத்தமானது. ஆக்டிங் டிரைவர் வேண்டியதில்லை, கூட்டாய்வு முடிந்த வண்டிகளும் கையில் இருக்கும். ஆனால் பாதிச் சம்பள மாதமாக இருக்கும் என்பதால், படி இல்லாமல் அந்த வாரத்தைக் கேட்காதீர்கள்; படியை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். ஐம்பது பேருக்கு மேற்படாத குழுக்களாக, ஒவ்வொருவரும் தீயணைப்பானைத் தாமே இயக்கி, அவசர வழியைத் தாமே திறந்து பார்க்கும்படி நடத்த வேண்டும் என்பதையும் சேருங்கள்.

இதற்கெனத் தனிப் படிவம் தேடி அலைய வேண்டாம், சாதாரண மனுவே போதும். ஆட்சியருக்கு முகவரியிட்டு, நகல்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கும் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும் கொடுத்து, இரண்டு இடத்திலும் ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். கூட்டாய்வுத் தேதி முடிவாகும் முன்னரே கொடுத்துவிட்டால், அந்த ஆய்வுக்கான முன்னேற்பாட்டுக் கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளும்படி கேட்கலாம். வரைவு தயாரானதும் இங்கே இடுங்கள். பிரிவு எண்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.